“லெட்டர் அடிக்கட்டா?” என்று கேட்கும் மனேஜரிடம் வேலை பார்ப்பது

மட்டக்களப்பில் ரெப் வேலை, அதாவது கம்பனி விற்பனைப் பிரதிநிதி வேலை, பார்த்த ஒருவராவது இல்லாத குடும்பம் குறைவு. சோப், பிஸ்கட், பால்மா, நூடில்ஸ் என்று எதை விற்றாலும் வேலை ஒன்றுதான். காலையில் ஏஜென்சியில் கையெழுத்து, பிறகு ரூட், கடை கடையாக ஓடர், பின்னேரம் பழைய பில் காசு, இரவில் ரிப்போர்ட். வெளியில் இருப்பவர்கள் வெயிலும் மழையும்தான் இதில் கஷ்டம் என்று நினைக்கிறார்கள். வெயில் பழகிவிடும். நாள் முழுக்க ஒருவர் நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பதும், கொஞ்சம் பிந்தினால் “லெட்டர் அடிக்கட்டா?”, அதாவது எச்சரிக்கைக் கடிதம் தரட்டா, என்று கேட்பதும் லேசில் பழகாது.

நான் களுவாஞ்சிகுடிப் பக்கமும் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் சில வருடங்கள் ரூட் ஓடினேன். இப்போது வேறு வேலை. ஆனாலும் தெரிந்த பெடியன்கள் அடிக்கடி போன் பண்ணி, “அண்ணன், லெட்டர் தரப்போறாங்களாம், என்ன செய்யிற?” என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில், மேற்பார்வை எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும். கம்பனி தரும் போனில் ஒரு செயலி இருக்கும். ஒவ்வொரு கடையும் எந்த இடத்தில் இருக்கிறது என்று அதில் பதிந்திருக்கும். கடைக்குக் கிட்ட நின்றால்தான் பில் போட முடியும். எத்தனை மணிக்கு முதல் பில், ஒரு கடையில் எவ்வளவு நேரம், எங்கே சும்மா நின்றோம் என்பதெல்லாம் ஏரியா மனேஜரின் போனில் வரைபடமாகத் தெரியும். அதற்கு மேல் ஒரு வட்ஸ்அப் குரூப். மத்தியானத்துக்குள் டாகெட்டில், அதாவது விற்பனை இலக்கில், பாதி வராதவர்களின் பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு அதில் படம் வரும். எல்லாரும் பார்ப்பார்கள். யாரும் ஒன்றும் எழுத மாட்டார்கள். அந்த மௌனம்தான் திட்டை விட அதிகமாகக் குத்தும்.

எங்கள் மனேஜர் வெளி மாவட்டத்துக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் பயம். “உம்மட இடத்துக்குப் பத்துப் பேர் சிவி தந்திருக்கிறாங்க”, “வீட்ட இருக்க விருப்பமா?” என்பவை காலை வணக்கம் போல வரும்.

ஒரு நாள் குரூப்பில் வந்த படத்தில் பில் கணக்கு இல்லை, வரைபடம் இருந்தது. மட்டக்களப்பு வாவியின் நீல நிறத்துக்கு நடுவில் ஒரு புள்ளி. அது நான்தான். புள்ளியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே, “இங்க என்ன கடை இருக்கு?”

குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில் போகிறவர்களுக்கு இது விளங்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மோட்டார் சைக்கிளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் படகுக்குத்தான் இங்கே பாதை என்று பெயர். சாமான் லொறி பட்டிருப்புப் பாலத்தால் சுற்றி வெல்லாவெளிப் பக்கம் போகும். பைக்கில் போகிற நான் பாதையில் ஏறினால் பெற்றோலும் மிச்சம், நேரமும் மிச்சம். ஆனால் பாதை அக்கரையில் நின்றால் துறையில் காத்திருக்க வேண்டும். செயலியில் அது ‘சும்மா நின்ற நேரம்’. மண்டூர் முருகன் கோயில் திருவிழாக் காலத்தில் துறையில் நிற்கும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு எனக்கு அரை நாள் சோம்பேறிப் பட்டம்தான்.

கோபத்தில் ஏதாவது எழுதப் போனேன். பக்கத்தில் நின்ற மீன் வியாபாரி அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, “படத்தைப் பிடிச்சுப் போடு தம்பி, அந்தாள் பாதையக் கண்டிருக்க மாட்டார்” என்றார். அப்படியே செய்தேன். நடுவாவியில், பைக்கின் ஹேண்டிலும் படகின் விளிம்பும் தெரிய ஒரு படம். “குருமண்வெளி - மண்டூர் பாதை, சேர். இறங்கியதும் முதல் கடை.” அவ்வளவுதான். நக்கலும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் கேட்க முந்தியே அனுப்பத் தொடங்கினேன். “துறையில் நிற்கிறேன், பாதை அக்கரையில்.” ஒரு வரிதான். சில கிழமைகளில் அவர் என் புள்ளியைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார். இது அடிபணிவது போலச் சிலருக்குப் படும். எனக்கு அப்படிப் படவில்லை. அவர் கேட்டு நான் பதில் சொன்னால் அது விசாரணை. நானே முந்திச் சொன்னால் அது தகவல். தவிர, அந்த வரிகள் எல்லாம் திகதியோடும் நேரத்தோடும் எனக்குச் சாட்சியாகச் சேர்ந்துகொண்டே போகின்றன.

இன்னொரு பிரச்சினை சிக்னல். வெல்லாவெளி தாண்டி உள்ளே போனால் சில இடங்களில் சிக்னல் இல்லை. பில் போனுக்குள் சேமிக்கப்படும், சிக்னல் வந்ததும் ஒரேயடியாகப் போய்ச் சேரும். மனேஜரின் திரையில் ஆறேழு கடைப் பில் ஒரே நிமிடத்தில் விழும். “ஒரு இடத்தில இருந்து கள்ள பில் போடுறீரா?” என்று ஒரு தம்பியைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார். அவன் அழாத குறை. தொழில்நுட்பப் பிரிவுக்கு நாங்கள் எழுதிக் கேட்டபோதுதான் ஒரு விஷயம் வெளியில் வந்தது. பில் போட்ட நேரம் வேறு, போய்ச் சேர்ந்த நேரம் வேறு. இரண்டும் பதிவில் இருக்கிறது. மனேஜர் பார்த்தது இரண்டாவதை மட்டும். உங்கள் செயலியிலும் இப்படி இருக்கும், கேட்டுப் பாருங்கள். கண்காணிக்கும் கருவி நமக்கு எதிராக மட்டும் பேசுவதில்லை. அதற்குள் நம் பக்கத்துக் கணக்கும் இருக்கிறது. யாரும் எடுத்துக் காட்ட மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

சரி, மிரட்டலுக்கு வருவோம்.

ரெப் மார் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது: தன் முதலாளி யார் என்பது. சட்டையில் இருப்பது கம்பனியின் பெயர், திட்டுவது கம்பனியின் மனேஜர். ஆனால் பெரும்பாலும் நியமனக் கடிதம் தருவது ஏஜென்சி, அதாவது விநியோகஸ்தர். சந்தேகம் இருந்தால் நியமனக் கடிதத்தையும் பே ஸ்லிப்பையும் எடுத்துப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டி, தன் பங்காக 12 வீதம் கட்டுபவர் யாரோ, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் கட்டுபவர் யாரோ, பெரும்பாலும் அவர்தான் உங்கள் முதலாளி. ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்க வேண்டியவரும் அவரே. கம்பனி மனேஜர் ஏஜென்சிக்காரரை நெருக்கலாம், “இந்தப் பெடியன் வேண்டாம்” என்று சொல்லலாம். ஆனால் உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அடிக்கும் கை அவருடையது அல்ல. எனக்கு இது விளங்கிய அன்று பாதிப் பயம் போய்விட்டது. ஏஜென்சி முதலாளியோடு நேரில் போய் மரியாதையாகக் கதைக்கவும் அப்போதுதான் தொடங்கினேன். அதுவரை அவரைக் காசு எண்ணும் ஆளாக மட்டும்தான் பார்த்திருந்தேன்.

நியமனக் கடிதமே தரவில்லை என்றால் அதுவே ஒரு குறை. கடை, காரியாலய ஊழியர் பற்றிய 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வேலை விபரங்களை எழுத்தில் தர வேண்டும். ஒரு நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்பதும் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு குரூப்பில் ‘நாளைய பிளான்’ கேட்கிறவர்கள் அதை வாசித்ததில்லைப் போலும்.

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற பிரதம லிகிதர் ஒருவர் இருக்கிறார். மாமா முறை. அரசாங்க ஊழியருக்கான விதிகள் அடங்கிய தாபன விதிக்கோவையோடு வாழ்ந்தவர், கடிதம் எழுதுவதில் மன்னன். அவரிடம் போய் என் கதையைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “ஒரு சீஆர் கொப்பி வாங்கு மனே” என்றார். தடித்த அட்டை போட்ட பெரிய கொப்பிதான் அது. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன், கொப்பி வாங்கச் சொல்கிறாரே என்று எரிச்சல்தான் வந்தது.

கொப்பியில் என்ன எழுதுவது என்றும் அவரே காட்டித் தந்தார். திகதி, நேரம், இடம், யார் சொன்னது, பக்கத்தில் யார் நின்றது, என்ன வார்த்தை. நான் முதலில் “மனேஜர் கத்தினார், அவமானப்படுத்தினார்” என்று எழுதிக் கொண்டுபோனேன். “இதை வாசிக்கிறவனுக்கு என்ன விளங்கும்? அவர் வாயில வந்ததை அப்படியே எழுது” என்று வெட்டிவிட்டார். ‘காலை 8.10, ஏஜென்சி ஸ்டோர், “நாளைக்கு இருபது பில் இல்லாட்டி லெட்டர்”, ஸ்டோர் கீப்பரும் டிரைவரும் நின்றார்கள்’ என்று எழுதினால் அது வேறு சாமான். நம் மனவருத்தம் அதில் இல்லை. ஆனால் வாசிப்பவர் தானாகவே விளங்கிக்கொள்வார்.

வாயால் வரும் உத்தரவை எழுத்துக்குக் கொண்டுவரவும் ஒரு வழி சொன்னார். கூட்டம் முடிந்ததும் மனேஜருடைய தனி இலக்கத்துக்கு ஒரு செய்தி: “சேர், இன்று சொன்னபடி மண்டூர் ரூட்டில் இருபது பில் போட வேண்டும், பழைய பாக்கி உள்ள கடைகளுக்கும் சாமான் கொடுக்க வேண்டும். சரிதானே?” பல முறை இதற்குப் பதிலே வராது. சில முறை, “பாக்கிக் கடைக்குக் கொடுக்க வேண்டாம்” என்று திருத்தம் வரும். இரண்டும் நமக்கு நல்லது. வாயால் பெரிதாக மிரட்டுகிறவர்கள் எழுத்தில் திடீரென்று நிதானமாகிவிடுவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

இதில் ஒரு எச்சரிக்கை. கம்பனி போனில் உள்ள உங்களுக்கு வந்த செய்திகளின் படங்களை உங்கள் சொந்த இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். வேலை போகும் அன்று முதலில் பறிக்கப்படுவது போன், அடுத்த நிமிடம் குரூப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள். ஆனால் கடைப் பட்டியல், விலைக் கழிவு, மற்ற ரெப் மாரின் விற்பனைக் கணக்கு என்று கம்பனி விபரங்களை அள்ளி எடுக்காதீர்கள். அதையே குற்றமாக்கிக் கடிதம் தருவார்கள், அந்தக் கடிதத்தில் நியாயமும் இருக்கும்.

2022 இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். ரூட் குறையவில்லை, டாகெட் குறையவில்லை. ஓட முடியாத நாட்களுக்கெல்லாம் என் பெயரில் சிவப்பு வட்டம் விழுந்தது. கடைசியில் லெட்டரும் வந்தது. ஆங்கிலத்தில், ஏஜென்சியின் கடிதத் தலைப்பில், இரண்டு பந்தி. பல நாட்களாக ரூட்டைக் கவனிக்கவில்லை, ஏன் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று மூன்று நாளுக்குள் விளக்கம் தரவும். கணக்குப்பிள்ளை அதை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, பாவம்.

கடிதம் வாங்கும் இடத்திலேயே பலர் தடுக்கி விழுகிறார்கள். வாங்க மாட்டேன் என்று முரண்டு பிடிப்பதில் பயனில்லை, அதையும் உங்களுக்கு எதிராக எழுதுவார்கள். வாங்குங்கள். கையெழுத்துப் போடும் இடத்தில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி, திகதியும் நேரமும் போடுங்கள். ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று அச்சடித்திருந்தால் அதை வெட்டிவிட்டு எழுதுங்கள். வெள்ளைத் தாளிலோ விளங்காத மொழியில் உள்ளதிலோ அந்த இடத்திலேயே கையெழுத்துக் கேட்டால், வாசித்து விளங்கிக்கொண்டு தருகிறேன் என்று சொல்லுங்கள்.

கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில், “மன்னிச்சுக்கொள்ளுங்க சேர் எண்டு நாலு வரி எழுதிக் குடு, விட்டுருவாங்க” என்றார்கள். மாமா சிரித்தார். “மன்னிப்புக் கடிதம் ஃபைலுக்குள்ள போனா அது ஒப்புதல் வாக்குமூலம் மனே. அடுத்த கடிதத்தில அதையே எடுத்துக் காட்டுவாங்க.” பிழை உண்மையிலேயே நடந்திருந்தால் நடந்த அளவுக்கு மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும், ஊர் உலகத்துப் பிழைக்கெல்லாம் தலை கொடுக்கக் கூடாது என்பது அவருடைய கணக்கு.

எங்கள் பதில் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. எந்தெந்தத் திகதி, எந்தெந்தக் கடை என்று கடிதத்தில் இல்லை, தயவு செய்து அறியத் தரவும். பெற்றோல் கிடைத்த அளவு இது, ரூட்டின் தூரம் இது. இந்த இந்த நாட்களில் ஓட முடியாது என்று முன்கூட்டியே அனுப்பிய செய்திகளின் பிரதிகள் இணைப்பில். அந்த நாட்களிலும் போன் மூலம் எடுத்த ஓடர்கள் இவ்வளவு. மனேஜரைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. எனக்கு எழுத ஆசை நிறைய இருந்தது, மாமா விடவில்லை. கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்றார். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ஏஜென்சியின் சீலும் திகதியும் வாங்கிக்கொண்டேன். சீல் அடிக்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பலாம், அந்தத் துண்டு போதும்.

அதற்குப் பதில் வரவே இல்லை. விட்டுவிட்டோம் என்றும் சொல்லவில்லை. இப்படித்தான் பல கடிதங்கள் முடிகின்றன. ஆனால் ஃபைலில் குற்றச்சாட்டு மட்டும் தனியாகக் கிடக்காமல் என் பதிலும் பக்கத்தில் இருக்கிறது.

என்னோடு வேலை செய்த நண்பன் ஒருவனுக்கு நடந்தது வேறு. அவனை மனேஜர் தனியாகக் கூப்பிட்டு, “விசாரணை வைத்தால் உமக்கு வேறெங்கும் வேலை கிடைக்காது, நீரே ரிசைன் பண்ணிட்டுப் போம், நல்ல சேர்விஸ் லெட்டர் தாறோம்” என்று சொல்லியிருக்கிறார். ரோசத்தில் அந்த மேசையிலேயே ‘சுயவிருப்பின் பேரில் விலகுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். பணிக்கொடைக்குத் தேவையான ஐந்து வருடச் சேவை நிறைய இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன. பிறகு தொழில் அலுவலகத்துக்குப் போனபோது, அந்த உத்தியோகத்தர் பொறுமையாக எல்லாம் கேட்டுவிட்டு, “தம்பி, நீங்கள் தானாக எழுதின கடிதம் அவங்கட கையில இருக்கே” என்றாராம். வற்புறுத்தித்தான் எழுத வைத்தார்கள் என்று நிரூபிக்க முடியாது என்றில்லை. ஆனால் அந்தச் சுமை இப்போது அவன் தலையில்.

அதனால் இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: ரிசைன் பண்ணச் சொல்லி யார் நெருக்கினாலும் அன்றே, அந்த அறையிலேயே எழுதிக் கொடுக்காதீர்கள். வீட்டில் கதைத்துவிட்டு வருகிறேன் என்று எழும்பி வாருங்கள். அவர்கள் நீக்கினால் நீக்கட்டும். நீக்கினால் சட்டம் பேசத் தொடங்கும்.

சட்டம் என்ன பேசும் என்று தெரிந்திருப்பது நல்லது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஒரு வருடத்துக்குள் 180 நாளாவது வேலை செய்திருந்தால், 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் உங்களுக்கு உதவும். ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால் உங்கள் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். ஒழுக்காற்றுத் தண்டனையாக நிறுத்தினால், அதற்குப் பிறகு வரும் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் அறிவிக்க வேண்டும். “நாளையிலிருந்து வராதே” என்று போனில் சொல்வது அந்த வகையில் சேராது. அப்படிச் சொன்னாலும் மறுநாள் போய் நில்லுங்கள், உள்ளே விடாவிட்டால் வந்தேன் என்று ஒரு செய்தி அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். வராமல் நின்றால் ‘தானாக வேலையைக் கைவிட்டார்’ என்று எழுதுவது அவர்களுக்குச் சுலபம்.

சிறிய ஏஜென்சி, 15 பேர் இல்லை என்றாலும் கதவு அடைபடவில்லை. 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ், வேலை நீக்கம் நடந்து ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். வேலையைத் திருப்பிக் கொடுக்கவும், நட்டஈடு கொடுக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. அந்த ஆறு மாதத்தைத்தான் பலர், “பேசித் தீர்ப்போம், பொறுங்க” என்ற பேச்சை நம்பிக் கரைத்துவிடுகிறார்கள். பேசுவது பேசட்டும், விண்ணப்பத்தையும் போட்டுவிட்டுப் பேசலாம்.

மனேஜரைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் பாவம். ஒரு மாதக் கடைசியில் களுவாஞ்சிகுடியில் தேத்தண்ணி குடிக்கும்போது அவருடைய போனில் இன்னொரு குரூப்பைக் காட்டினார். அதில் சிவப்பு வட்டத்துக்குள் இருந்தது அவருடைய பெயர். அவருக்கு மேலே ஒருவர், அவருக்கு மேலே இன்னொருவர். அதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது. ஆனால் எப்போது கதைப்பது என்று எனக்கு விளங்கியது. மாதக் கடைசிக் கிழமையில் எந்த மனேஜரிடமும் நியாயம் கதைக்கக் கூடாது. அடுத்த மாதம் முதல் கிழமையில், குரூப்பில் இல்லாமல் தனியாக, “சேர், மணிக்கு மணி ரிப்போர்ட் போட நிற்கிற நேரத்தில் ஒரு கடை குறையுது. மத்தியானமும் பின்னேரமும் போடட்டா?” என்று கேட்டேன். பில் குறைந்தால் பழையபடி என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். பில் குறையவில்லை. யானை வரும் பக்கத்துக் கடைகளைப் பொழுது படுமுன் முடிப்பதற்கும் அப்படித்தான் சம்மதம் வாங்கினேன். மரியாதையைக் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். வேலை நடக்க என்ன வேண்டும் என்று கேட்டதால் கிடைத்தது.

இதையெல்லாம் செய்தும் மூச்சு முட்டினால் விலகலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. நித்திரை கெட்டு, வீட்டில் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்து பார்க்க வேண்டிய வேலை எதுவுமில்லை. ஆனால் வேறு வேலை கையில் வந்த பிறகு, நியமனக் கடிதத்தில் உள்ளபடி அறிவித்தல் கொடுத்து விலகுங்கள். ரெப் வேலையில் போகும்போதுதான் வில்லங்கம் வரும். பாக்கிப் பில் பட்டியலை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போய், இவ்வளவு தர வேண்டியிருக்கிறது என்று கடைக்காரரின் கையெழுத்தை வாங்குங்கள். போன், அடையாள அட்டை, மாதிரிச் சாமான், திரும்பி வந்த சாமான் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒப்படைத்ததற்கு ஏஜென்சியின் கையெழுத்தும் சீலும் எடுங்கள். சேரும்போது பிணைக்காசு கட்டியிருந்தால் அந்த ரசீதையும் அன்றே காட்டிக் கேளுங்கள். இரண்டு மாதம் கழித்துப் போனால் கணக்குப்பிள்ளை மாறியிருப்பார், புதியவருக்கு உங்கள் பெயரே தெரியாது.